அவங்க வந்தாங்க

மார்ச் 3

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் ஊர் வரலாற்றுக் கழகம் போட்ட புத்தகம் நேற்று என் கைக்கு வந்தது. அனுப்பியது நீங்கள் இல்லை. என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி, ஒரு பக்கத்தை மடித்து, ஓரத்தில் "இது உங்க அம்மாவாடி?" என்று பென்சிலில் எழுதி அனுப்பியிருந்தாள். தையல் கூடத்தில் தீப்பிடித்ததைப் பற்றிய பக்கம் அது. நான் பிறப்பதற்கு முன் நடந்தது, இரண்டு பெண்கள் உள்ளேயே செத்துப்போனார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும். கூடத்து சூப்பர்வைசர்தான் கதவைச் சாத்தினார் என்பது உங்கள் புத்தகத்தைப் படித்துத்தான் தெரிந்தது. பெயர் போடவில்லை, அந்த மட்டும் புண்ணியம். ஆனால் அந்தக் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு சூப்பர்வைசர், அது அம்மா என்பது ஊரில் யாருக்குத் தெரியாது?

போன் செய்தால் அம்மா எடுப்பதில்லை. அண்ணன் எடுத்து "நல்லா இருக்காங்க" என்று ஒப்பித்துவிட்டு வைத்துவிடுகிறார். என் சிநேகிதியோ வேறு கதை சொல்கிறாள். காய்கறிக் கடையில் யாரோ அம்மாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். அம்மா வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பியவள், அதற்குப் பிறகு வாசலைத் தாண்டவே இல்லையாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? இத்தனை வருஷம் ஒரே சமையலறையில் இரண்டு பேரும் பாத்திரத்தை டமால் டமால் என்று வைத்துக்கொண்டது எனக்கும் தெரியும். அந்தக் கோபத்தையெல்லாம் இப்படித் தீர்த்துக்கொள்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

வாலு


மார்ச் 9

அன்புள்ள வாலுவுக்கு,

நீ "அன்புள்ள" என்ற வார்த்தையை மிச்சம் பிடித்துவிட்டாய். நான் செலவழித்துவிட்டேன், பரவாயில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் பாடம் ஓடவில்லை. பாத்திரம் வைத்த சத்தத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவாய் என்று நான் நினைக்கவில்லை. போகட்டும், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

கழகம் என்றால் ஏதோ பெரிய சபை என்று நினைத்துக்கொள்ளாதே. தலைவராக ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், அப்புறம் ஸ்டூடியோக்காரர், மருந்துக் கடைக்காரர், நான், சனிக்கிழமை தோறும் வந்து பிஸ்கட்டை மட்டும் ஆராய்ச்சி செய்துவிட்டுப் போகிற நாலைந்து பேர். உட்காருவது அந்தத் தையல் கூடத்து முதலாளியின் பேரன் கொடுத்த மாடி அறையில். போன வருஷம் முழுக்க ஊரில் முதலில் வந்தது மேலத் தெருவா கீழத் தெருவா என்று சண்டை போட்டோம். இந்த வருஷம்தான் உருப்படியாக, வயதானவர்கள் பேசுவதை டேப்பில் பிடித்து, அதை எழுத்துத் தமிழில் மாற்றிப் புத்தகமாகப் போடுவது என்று முடிவு செய்தோம். பேசினது பேசினபடி அச்சில் வந்தால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றார் தலைவர். மாற்றுகிற வேலை தமிழ் வாத்தியார் என்று என் தலையில் விழுந்தது.

தீயைப் பற்றிச் சொன்னது பட்டன் அக்கா. உனக்குப் பட்டன் பெரியம்மா. கூடத்தில் பட்டன் தைத்தவர், அத்தையின் உயிர்ச் சிநேகிதி. அவர் சொன்னதைத்தான் எழுதினேன், என் கையிலிருந்து ஒரு வரியும் சேர்க்கவில்லை. பதிவு முடிந்த சில வாரத்தில் அவர் இறந்துவிட்டார். இனிப் போய்க் கேட்கவும் ஆள் இல்லை.

அத்தையிடம் ஏன் காட்டவில்லை என்கிறாய். அச்சுக்கு முன் வீட்டார் யாருக்கும் காட்டுவதில்லை என்பது கழகத்தின் சட்டம். மருந்துக் கடைக்காரரின் சித்தப்பா ஒரு தடவை பார்க்கிறேன் என்று வாங்கி, ஊருக்குக் கிணறு வெட்டியது முதல் எல்லாவற்றையும் தன் அப்பா கணக்கில் எழுதிக்கொடுத்தார். அன்றைக்குப் போட்ட சட்டம். தவிர, தீ தெருவுக்குப் பரவாமல் இருக்க ஒருத்தர் கதவைச் சாத்தினால் அது குற்றமாகிவிடும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. உள்ளே ஆள் இருந்தது தெரிந்தா சாத்தியிருப்பார்கள்?

அத்தை என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். புத்தகத்தைப் படித்தார், மூடினார், "சரி" என்றார். அன்றிலிருந்து வாசல் பக்கம் போவதில்லை. சமையலறையில் இப்போது சத்தமே இல்லை. உன் அண்ணன் நான் பேசினாலும் தலையாட்டுகிறார், அத்தை பேசாவிட்டாலும் தலையாட்டுகிறார்.

அண்ணி


மார்ச் 13

அண்ணிக்கு,

சட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டீர்கள். அம்மா ஏன் "சரி" என்றாள் என்று உட்கார்ந்து கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை.

பட்டன் பெரியம்மா அம்மாவைப் பற்றி அப்படிச் சொல்லியிருப்பாள் என்று நான் நம்ப மாட்டேன். அவர்கள் இரண்டு பேரும் வாரம் தவறாமல் பின்கட்டில் உட்கார்ந்து பேசிச் சிரித்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். டேப் உங்களிடம்தானே இருக்கிறது? அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேளுங்கள். பெரியம்மா வாயில் வந்தது வந்தபடி எழுதி அனுப்புங்கள். உங்கள் இலக்கணம் எனக்கு வேண்டாம்.

வாலு


மார்ச் 18

அன்புள்ள வாலுவுக்கு,

தலைவரிடம் சாவி வாங்கிக்கொண்டு போய், மாடி அறையில் தனியாக உட்கார்ந்து கேட்டேன். நீ கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். இருமலை மட்டும் விட்டுவிட்டேன்.

"அவதான் என் கையப் புடிச்சு வெளிய இழுத்தா. நான் இருமிக்கிட்டுக் கெடந்தேன். அப்புறம் தண்ணிக்கு ஓடுனா அவ. அவங்க வந்தாங்க. கதவச் சாத்திட்டாங்க. உள்ள ரெண்டு பேர் இருந்தாங்கம்மா."

புத்தகத்தில் வந்திருப்பது இது: "சூப்பர்வைசர்தான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். நான் இருமிக்கொண்டு கிடந்தேன். பிறகு அவர் தண்ணீருக்கு ஓடினார். திரும்பி வந்தார். கதவைச் சாத்திவிட்டார். உள்ளே இருவர் இருந்தனர்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். தண்ணீருக்கு ஓடியவர் திரும்பி வருகிறார், கதவைச் சாத்துகிறார். வேறு எப்படிப் படிப்பது? எனக்கு மட்டும் இது சந்தோஷமா? பட்டன் அக்கா அந்தக் கடைசி வரியைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருக்கிறார். டேப் சும்மா சுற்றுகிற சத்தம்தான் கேட்கிறது. பிறகு "போதும், நிறுத்திடும்மா" என்கிறார். அன்றைக்கு எனக்கு அது அழுகை என்றுதான் பட்டது.

அத்தை இன்றைக்கும் வாசலுக்குப் போகவில்லை. நான் காய்கறி வாங்கி வந்து வைத்தேன். "முத்தலாப் பொறுக்கிட்டு வந்திருக்கே" என்று ஒரு வார்த்தை திட்டுவார் என்று பக்கத்திலேயே நின்றேன். திட்டவில்லை.

அண்ணி


மார்ச் 22

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

தமிழ் வாத்தியாரம்மா, நீங்களே எழுதி அனுப்பியதை நீங்களே கவனிக்கவில்லையா? பெரியம்மா அம்மாவை "அவ" என்கிறாள். "இழுத்தா" என்கிறாள், "ஓடுனா" என்கிறாள். அவள் வாயில் அம்மாவுக்கு என்றைக்கு மரியாதை வந்தது? வாடி, போடி, எருமை, இதுதான் அம்மாவின் பெயர். என் கல்யாணத்தில் இத்தனை பேர் நடுவில் "ஏய் இங்க வாடி, உன் சம்பந்தி தேடுறாங்க" என்று கத்தினவள் அவள். சம்பந்திக்கு "தேடுறாங்க", அம்மாவுக்கு "வாடி".

அப்படிப்பட்டவள் ஒரே மூச்சில் "ஓடுனா அவ" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் அம்மாவுக்குத் திடீரென்று மரியாதை கொடுத்து "அவங்க வந்தாங்க" என்பாளா? அவங்க வேற ஆளுங்க, அண்ணி. ஒருத்தரோ பல பேரோ, அம்மா இல்லை.

அந்த டேப்பை முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். அம்மாவை ஒரு இடத்திலாவது "அவங்க" என்கிறாளா பாருங்கள். முதலாளி ஆட்களை என்ன சொல்கிறாள் என்றும் பாருங்கள்.

"அவ" என்பதை ஏன் "அவர்" என்று மாற்றினீர்கள்? அதை மட்டும் எனக்குச் சொல்லிவிடுங்கள்.

வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுவுக்கு,

டேப்பின் இரண்டு பக்கமும் கேட்டேன். நீ சொன்னதுதான் சரி. ஆரம்பம் முதல் முடிவு வரை அத்தை "அவ"தான். முதலாளியும் மானேஜரும் வருகிற இடத்தில் எல்லாம் "அவங்க". "சாயந்தரம் அவங்க வந்து துணிய எண்ணுவாங்க", "துண்டுத் துணி வெளிய போயிடும்னு அவங்களுக்குப் பயம்", இப்படி எத்தனையோ இடம். நான்தான் எல்லோரையும் ஒரே "அவர்" ஆக்கி, ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் மேல் போட்டுவிட்டேன்.

ஏன் என்று கேட்டாய். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என் மாமியாரை நான் எப்படி "அவள் ஓடினாள்" என்று அச்சில் எழுதுவேன்? நாளைக்கு ஊரில் நாலு பேர் படித்துவிட்டு, மருமகள் மாமியாரை அவள் இவள் என்று எழுதியிருக்கிறாள் பார் என்று சொல்ல மாட்டார்களா? டேப்பைக் கேட்கும்போதே பேனா தானாக "அவர்" என்று எழுதிவிட்டது. கோபத்தில் செய்தேன் என்று எழுதியிருந்தாய். மரியாதையில் செய்தேன், வாலு. கோபத்தில் எழுதியிருந்தால் "அவள்" என்று போட்டிருப்பேன், அத்தை தப்பித்திருப்பார்.

சனிக்கிழமை கழகத்தில் டேப்பைப் போட்டுக் காட்டினேன். முதலாளியின் பேரனும் வந்திருந்தார். தலைவர், "'அவங்க'ன்னா யாருன்னு செத்தவங்களைத்தாம்மா கேக்கணும். இலக்கணத்த வச்சு ஒருத்தர் மேல பழி போட முடியுமா?" என்றார். "இதே இலக்கணத்த வச்சுத்தானே சார் எங்க அத்தை மேல போட்டோம்?" என்றேன். பேரன் மெதுவாகத்தான் பேசினார். "எங்க தாத்தாவ இதுக்குள்ள இழுக்காதீங்க. இந்த ரூமும் அவர் கட்டினதுதான்."

திருத்தம் போடாவிட்டால் கழகத்திலிருந்து விலகுகிறேன், எப்படித் தப்பு நடந்தது என்று பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாகச் சொல்வேன் என்றேன். கடைசியில் ஸ்டூடியோக்காரர்தான், "அந்தம்மா சொன்னத சொன்னபடி போட்டுருவோம். யாரு மேலயும் பழி போட வேணாம், படிக்கிறவங்க புரிஞ்சுக்கட்டும்" என்றார். அதன்படி பேச்சை அப்படியே அச்சிட்ட ஒரு சீட்டைப் புத்தகத்தில் ஒட்டுவது, ஏற்கெனவே வாங்கியவர்கள் வீட்டுக்கும் கொடுப்பது என்று முடிவாயிற்று. மாத முடிவில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் பேரன். இனி ஸ்டூடியோவில், முக்காலியிலும் பொய்த் தோட்டம் வரைந்த திரைக்கு முன்னாலும் உட்கார்ந்துதான் வரலாறு பேச வேண்டும்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. சீட்டு அச்சாகி வந்ததும் கையில் கொடுத்துச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வார்த்தையைச் செலவழித்துவிட்டேன், பார்த்தீர்களா?

நான் முதல் கடிதத்தில் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. கிழித்துப் போட்டுவிடுங்கள். நாக்கு நீளம் என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், அவளிடமிருந்து வந்ததுதான் என்று நானும் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

சீட்டு வரும் வரை ஏன் காத்திருக்கிறீர்கள்? உடனே அம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் சிநேகிதி உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொல்லுங்கள். அதுதான் அவளை அரித்துக்கொண்டிருக்கிறது, எனக்கு நன்றாகத் தெரியும். கேட்டதும் முதல் வேலையாகக் காய்கறிக் கடைக்குப் போய் விலை பேசுவாள் பாருங்கள்.

வாலு


ஏப்ரல் 11

அன்புள்ள வாலுவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நேற்று சீட்டு வந்தது. அத்தையிடம் கொடுத்தேன், தப்பு எங்கே நடந்தது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அவ குரல் இருக்கா?" என்றார். கழகத்திலிருந்து கொண்டு வந்திருந்த டேப்பைப் போட்டேன். "அவதான் என் கையப் புடிச்சு" என்று வந்த இடத்தில் அத்தை சிரித்தார், கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. முடியும் வரை அசையாமல் கேட்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அத்தை."

"வேற எதுவும் சொல்லலையா? நல்லாத் தேடிப் பாரு."

இல்லை என்றேன். அத்தை தானே டேப் ரிக்கார்டரை நிறுத்தினார். அப்புறம் சொன்னார். நீ முன்பு கேட்ட மாதிரி, வாயில் வந்தது வந்தபடி எழுதுகிறேன்.

"தண்ணி எடுத்துட்டு வந்தேன். மொதலாளியும் மானேஜரும் கதவுகிட்ட நின்னாங்க. எல்லாரும் வந்தாச்சான்னு என்னைக் கேட்டாங்க. நான்தானே சூப்பர்வைசர். வந்தாச்சுன்னு சொன்னேன். எண்ணிப் பாக்கலை. அவ கீழ கெடந்து இருமுறா, எனக்கு மூச்சு வாங்குது, கேட்ட உடனே வாயில வந்துடுச்சு. அதுக்கப்புறந்தான் சாத்துனாங்க. அவ பக்கத்துலதான் கெடந்தா. அவ காதுல விழாம இருந்திருக்காது. இத்தனை வருஷமா வீட்டுக்கு வந்தா, ஒரு நாளும் அதப் பத்திப் பேசலை. உன் புத்தகத்தப் படிச்சதும், போற நேரத்துல சொல்லிட்டாளேன்னு நெனச்சேன். சரி, சொல்ல வேண்டியதுதானேன்னும் நெனச்சேன். இப்ப கேட்டா, அங்கயும் சொல்லாமத்தான் போயிருக்கா."

நான் அத்தையின் கையைப் பிடித்தேன். பதற்றத்தில் சொன்னது, அது கதவைச் சாத்தியதாகுமா, அவர்கள் எட்டிப் பார்த்திருக்க வேண்டாமா என்று என்னென்னவோ சொன்னேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "அந்தச் சீட்ட ஒட்டாத. ஒட்டுறதா இருந்தா நான் சொன்னதையும் சேத்து ஒட்டு" என்றார்.

உன் அண்ணன் இந்த முறை தலையாட்டவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, ஏதோ சொல்றாங்க. நீ ஒட்டுறத ஒட்டிட்டுப் பேசாம இரு" என்றார். எனக்கும் அதுதான் ஆசை, வாலு. நான் எழுதாமல் விட்டால் இது நம் நாலு பேரோடு போய்விடும். அத்தை பழியிலிருந்து வெளியே வந்துவிடுவார், எனக்கும் பாவம் தீரும். ஆனால் கழகத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னதைச் சொன்னபடி போட வேண்டும் என்று நின்றவள் நான்.

அடுத்த சனிக்கிழமை ஸ்டூடியோவில் சீட்டு ஒட்டுகிறோம். முதல் தடவை உங்கள் யாரையும் கேட்காமல் அச்சடித்தேன். இந்தத் தடவை கேட்கிறேன். என்ன செய்யட்டும்?

அண்ணி


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

"எழுதாதீர்கள்" என்று முதலில் ஒரு கடிதம் எழுதி, உறையை ஒட்டி, தபால் பெட்டி வரை போனேன். போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அம்மாவின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று உங்களைப் பிடி பிடியென்று பிடித்தேன். இப்போது காப்பாற்றியாகிவிட்டது, அம்மா இன்னும் வாசலுக்கு வரவில்லை. அந்தச் சீட்டை மட்டும் ஒட்டினால் இனி எப்போதும் வர மாட்டாள். அண்ணன் சொல்வதைக் கேட்டால் நமக்கு நிம்மதி, அவளுக்கு இல்லை. நான் நினைத்துக்கொண்டிருந்த அம்மா இனி எனக்கு இல்லை. அது உங்கள் தப்பு இல்லை என்று தெரிந்தும் நேற்று முழுக்க உங்கள் மேல்தான் கோபப்பட்டேன்.

அம்மா சொன்னதைச் சேர்த்தே போடுங்கள். ஆனால் இந்தச் சனிக்கிழமை வேண்டாம். சைக்கிள் கடைக்காரரின் அக்காதானே உள்ளே இருந்தவர்களில் ஒருத்தி? இன்னொருத்தியின் தங்கை கீழத் தெருவில் இருக்கிறாள் என்று பெரியம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஒரு பக்கத்தை மடித்து யாரோ அனுப்ப, அதைப் படித்துத் தெரிந்துகொள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா தானே போய்ச் சொல்ல வேண்டும்.

லீவு சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறேன். அம்மா கேட்டால் "வாலு வரா" என்று மட்டும் சொல்லுங்கள். முதலில் சைக்கிள் கடைக்குப் போவோம். நீங்களும் கூட வர வேண்டும், மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் உட்காரச் சொல்லாமல் இருக்கலாம், பாதியிலேயே கத்தி எழுந்து போகச் சொல்லலாம். அம்மா சொல்லி முடிக்கிற வரைக்கும் நாம் இரண்டு பேரும் அவளுக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டும்.

உங்கள்
வாலு